ஏரியில் மோட்டார் படகு இறக்கும் முன்

கேட்டிருக்கும் தம்பி குடியாத்தத்துக்காரர். 14 அடி நீளமுள்ள ஃபைபர் படகு ஒன்றை, 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினோடு பழையதாக வாங்கியிருக்கிறார். காவேரிப்பாக்கம் ஏரியில் அவர் மாமாவுக்கு மீன் குத்தகையில் பங்கு உண்டு. பொங்கல் லீவில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வர ஆசைப்படுகிறார். படகு ஒரு வருஷத்துக்கு மேல் கொட்டகையில் கிடந்திருக்கிறது. என்னென்ன பார்க்க வேண்டும், எதை எடுத்துப்போக வேண்டும் என்பது கேள்வி. வாலாஜா பக்கம் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிறேன். ஏரிக்காரர்களின் படகு எஞ்சின்களும் என்னிடம்தான் வரும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

தம்பி, முதலில் ஆள் கணக்கைப் பேசிவிடுவோம். ஆறு பேர் ஒன்றாகப் போக முடியாது. சின்னப் படகுக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுக்க வேண்டும். உங்கள் படகின் அகலம் 5 அடி என்று வைத்தால் 14 × 5 = 70. 15ஆல் வகுத்தால் 4.67 வரும். அதை ஐந்தாக ஏற்றாதீர்கள், நாலாக இறக்குங்கள். அதுவும் ஆளுக்கு 68 கிலோ, காற்று அடங்கிய நாள் என்று வைத்துப் போட்ட கணக்கு. ஓட்டுகிறவரும் அந்த நாலில் ஒருவர். பிள்ளைகள்தானே, இரண்டு பேரையும் சேர்த்து ஓர் ஆள் என்று எண்ணாதீர்கள். எடை குறைவுதான், ஆனால் கொக்கைப் பார்த்தால் இரண்டும் ஒரே பக்கம் எழுந்து ஓடும். முதல் நடையில் நீங்கள், மாமா, அப்பா, அம்மா. அவர்களை இறக்கிவிட்டு அடுத்த நடையில் நீங்கள், மனைவி, பிள்ளைகள். ஏரி எங்கேயும் போய்விடாது.

இதில் நான் கண்டிப்பாக இருக்கக் காரணம் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் நகர்ந்ததாகச் சொன்னார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர் போனார்கள். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேர். மூன்று இடத்திலும் விசாரித்தால் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது, லைஃப் ஜாக்கெட் போடாதது, எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தது என்று இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோ வந்து நிற்கும். எஞ்சின் கோளாறால் மட்டும் ஆள் செத்ததாக நான் கேள்விப்பட்டது குறைவு.

இனி படகு. நம் பக்கத்துப் படகு தண்ணீரில் கெடுவதைவிடத் தரையில் கெடுவதுதான் அதிகம். கடலோரத்துப் படகு நாள் தவறாமல் ஓடுவதால் கோளாறு அன்றன்றைக்கே தெரிந்துவிடும். நம் ஏரிகளில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும், கோடையில் இறங்கிவிடும், சில வருஷம் வராமலே போகும். அதனால் படகு எட்டு மாதம் கொட்டகையில் தூங்கும். அந்தத் தூக்கத்தில் பெட்ரோல் கெடும், ரப்பர் இறுகும், எலி ஹோஸைக் கடிக்கும், குளவி மண்கூடு கட்டும். ஆகவே உங்கள் வேலை குடியாத்தத்தில், வீட்டு வாசலில், பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிடுகிறது. ஏரிக்கரையில் பிள்ளைகளைப் புதுச்சட்டையோடு நிறுத்திவைத்துவிட்டு ஸ்பேனர் தேடக் கூடாது.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை அப்படியே வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும், ஹோஸ் உறிஞ்சுவதும் அந்த அடியைத்தான். பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிஷம் வைத்துப் பாருங்கள், அடியில் கோடு போட்டாற்போல் பிரிந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். கார்புரேட்டர் கிண்ணத்தையும் கழற்றித் துடைக்க வேண்டும். பிறகு புதுப் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். இந்த அளவு எஞ்சின்கள் பெரும்பாலும் 50க்கு 1 கேட்கும், அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சில பழைய எஞ்சின்கள் இன்னும் அதிகம் கேட்கும், மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதுதான் முடிவு. பைக்குக்கு ஊற்றும் டூ டி ஆயிலை இதில் ஊற்றாதீர்கள். அவுட்போர்டுக்கென்று டிசி-டபிள்யூ3 என்ற தரக்குறி போட்ட ஆயில் வருகிறது. அது சாம்பல் விடாது. ஏரித் தண்ணீரில் குளிர்ந்தபடியே ஓடும் எஞ்சினுக்கு அதுதான் சேரும், பைக் ஆயில் பிளக்கில் கரி கட்டிவிடும்.

எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? முழு வேகத்தில் இந்த எஞ்சின் மணிக்கு 4 முதல் 5 லிட்டர் குடிக்கும். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கையிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். டேங்கைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகுக்குள் நிரப்பினால் அடித்தட்டில் போய்த் தங்கும், ஒரு பொறி போதும். கழுத்துவரை நிரப்பவும் கூடாது. வேலூர் வெயிலில் பெட்ரோல் உப்பும், பத்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள்.

அடுத்தது எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது. 200 லிட்டர் நீல டிரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் கால் பகுதியை உள்ளே விட்டு, உறுதியான சட்டத்தில் பூட்டுங்கள். புரொப்பெல்லருக்கு மேலே ஒரு தட்டைத் தகடு இருக்கும், தண்ணீர் அதற்கும் மேலே நிற்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஆக்ஸிலேட்டரை முறுக்காதீர்கள். பெட்ரோல் ஹோஸின் நடுவில் உள்ள ரப்பர் பல்பை, அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கும்படி பிடித்து, கல் மாதிரி இறுகும்வரை அமுக்குங்கள். இறுகாவிட்டால் எங்கோ காற்று வாங்குகிறது என்று அர்த்தம். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ததும் உங்கள் கண் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்: எஞ்சினின் பின்பக்கம் சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு சின்ன ஓட்டை. கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து தண்ணீர் பீச்ச வேண்டும். எஞ்சினுக்குள் குளிர்நீர் ஓடுகிறது என்பதற்கு வெளியே தெரியும் ஒரே அடையாளம் அதுதான். பீச்சவில்லையா, உடனே அணையுங்கள். பத்தில் பாதி தடவை அந்த ஓட்டையில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். பழைய கிளட்ச் கேபிளிலிருந்து ஓர் இழையை உருவி உள்ளே விட்டுக் குத்தினால், செம்மண் பொடியாக உதிர்ந்து, கூடவே காய்ந்த புழுவும் வெளியே விழும். அடைப்பு எடுத்தும் தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே குளிர்நீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரம் போய்விட்டது. மோட்டார் பம்ப்பில் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கேயும் அதே கதை, இம்பெல்லர் ரப்பரால் ஆனது என்பதுதான் வித்தியாசம். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் இதழ் வளைந்தபடியே இறுகிவிடும். வருஷம் கழித்து எடுக்கிற எஞ்சினில் நான் கேள்வி கேட்காமல் புது இம்பெல்லர் போட்டுவிடுவேன்.

கியர் ஆயிலின் கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். டீக்கடைப் பால் மாதிரி வெளுத்து வந்தால் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் கிளம்பக் கூடாது. புரொப்பெல்லரைக் கழற்றி, தண்டில் நரம்புவலை நூல் சுற்றியிருக்கிறதா பாருங்கள். அந்த சீலை அறுப்பது பெரும்பாலும் அந்த நூல்தான். புரொப்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் உடைந்தால் மாற்ற இன்னொரு பின், இரண்டு ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவையே படகில் கட்டிவிடுங்கள்.

கில் சுவிட்சின் சிவப்புச் சுருள் கயிறு பழைய படகோடு வருவது அபூர்வம், இருந்தாலும் யாரும் மாட்டுவதில்லை. தயவுசெய்து மாட்டுங்கள். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால், ஆளில்லாத படகு நேரே போகாது. கைப்பிடி ஒரு பக்கம் ஒதுங்கி, வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரும். கயிற்றின் ஒரு முனை உங்கள் மணிக்கட்டில் இருந்தால், நீங்கள் விழும்போதே எஞ்சின் நின்றுவிடும். டிரம்மில் ஓடும்போதே கயிற்றை உருவி எஞ்சின் நிற்கிறதா என்று சோதியுங்கள். புதுக் கயிறுக்குப் பெரிய செலவு ஆகாது.

படகின் உடம்பைப் பார்க்க அதிக நேரம் வேண்டாம். எஞ்சின் பூட்டும் பின்பலகையை ஸ்க்ரூடிரைவர் பிடியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். டங் டங் என்று வந்துகொண்டிருந்த ஓசை ஓரிடத்தில் பொத்தென்று அமுங்கினால், ஃபைபருக்குள் மரம் ஊறிப்போயிருக்கிறது. 35, 40 கிலோ எஞ்சின் அந்தப் பலகையில் தொங்கிக்கொண்டே தள்ளப்போகிறது, அதை நம்பி ஏறக் கூடாது. பலகை நன்றாக இருந்தாலும் எஞ்சினுக்கு ஒரு சங்கிலி போட்டுப் படகோடு பிணைத்துவிடுங்கள். பிறகு உள்ளே நாலு குடம் தண்ணீர் ஊற்றி, கீழே எங்கே ஈரம் கசிகிறது என்று குனிந்து பாருங்கள். படகுக்குள் தேங்கும் தண்ணீரை வடிக்கும் ஓட்டையை அடைக்கிற அடிப் பிளக்கின் ரப்பரைப் புதிதாக்குங்கள். அந்தப் பிளக்கை எஞ்சின் டூல்ஸ் டப்பாவோடு கட்டிவைப்பது என் பழக்கம், பிளக் இல்லாமல் இறக்கவே முடியாது. குடியாத்தத்திலிருந்து காவேரிப்பாக்கம் 70 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், குட்டியானையில் ஏற்றி வந்தால் வழியெல்லாம் அதிர்ந்து திருகுகள் தளரும். கரையில் இறக்கியதும் ஒரு முறை எல்லாவற்றையும் முறுக்கிவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று, அவரவர் அளவில். பிள்ளைக்குப் பெரியவர் ஜாக்கெட்டை மாட்டினால் பிள்ளை கீழே நழுவி ஜாக்கெட் மட்டும் மிதக்கும். மாட்டி, பட்டையெல்லாம் இறுக்கியபின் இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை ஏறினால் தளர்ச்சி. சின்னப் பிள்ளைக்குக் கால்களுக்கு நடுவே வரும் பட்டை கட்டாயம் வேண்டும். நம் ஊரில் கிணற்றில் சுரைக்குடுக்கையும் வாழைத்தண்டும் கட்டி நீச்சல் பழகியவர்கள் நாம். அதனால் நீச்சல் தெரியும் என்ற தைரியம் நமக்கு உண்டு. கிணற்றில் நாலு கை போட்டால் படிக்கட்டு வந்துவிடும். ஏரி நடுவில் அலையில், நனைந்த வேட்டியோ சேலையோ காலைச் சுற்றிக்கொண்டு, கரை அரை கிலோமீட்டர் தள்ளித் தெரியும்போது அந்த நீச்சல் வேறு. அம்மாவைச் சுடிதாரோ நைட்டியோ போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கேட்பார்கள். ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிக்கொண்டு ஏற வேண்டும், கரைக்குத் திரும்பி இறங்கும்வரை கழற்றக் கூடாது.

இனி அந்த ஏரியைப் பற்றி. காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பினால் 30 அடி ஆழம் தொடும். பாலாறு அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாய்தான் அதற்கு உயிர். ஆனால் வறண்ட வருஷங்களில் உள்ளே வேலிக்காத்தான் காடாக மண்டும், கருவேல மரங்களும் நிற்கும். தண்ணீர் ஏறியதும் இதெல்லாம் ஒரு ஜாண் ஆழத்தில் மறைந்துவிடும். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஃபைபர் படகுக்கு மூழ்கிய கருவேலக் கிளையின் முனை கடப்பாரை மாதிரி. மண் எடுத்த பள்ளங்களும் உண்டு, இடுப்பளவு என்று இறங்கினால் ஆளே மறைந்துவிடும் இடங்கள். மாமாவை முன்னால் ஒரு மூங்கில் கழியோடு உட்காரவைத்து, முதல் சுற்று நடை வேகத்தில் போங்கள். எங்கே மரம், எங்கே பள்ளம் என்று பரிசல்காரர்களுக்குத் தெரியும், ஒரு டீ வாங்கிக்கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். வலை எங்கே போட்டிருக்கிறார்கள் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். காலி பாட்டிலும் தெர்மாகோலும் வரிசையாக மிதந்தால் கீழே வலை தொங்குகிறது. அதைச் சுற்றிக்கொண்டு போங்கள். மீறி மாட்டினால் எஞ்சினை அணைத்து, கில் கயிற்றை உருவியபிறகே புரொப்பெல்லரில் கை வைக்க வேண்டும்.

ஏரி நிரம்பி வழியும், அதாவது கோடி போகும் நாளில் படகே இறக்காதீர்கள். தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் பக்கம் மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி அமைதியாகத் தெரியும், அடியில் இழுவை இருக்கும். மதகுப் பக்கமும் அப்படித்தான்.

நேரம் என்று பார்த்தால், பொங்கல் சமயத்தில் விடியற்காலைப் பனிமூட்டம் எட்டு மணிவரைகூட நிற்கும், எதிர்க்கரை தெரியாது. பனி விலகியபின் இறங்கி, காற்று எழுவதற்குள் ஏறிவிடுங்கள். இதே ஆசை பங்குனி, சித்திரையில் வந்தால் மத்தியானத்துக்குமேல் போகவே கூடாது. மலைப்பக்கம் கறுத்து, அரை மணி நேரத்தில் சூறைக்காற்றும் இடியும் வந்துவிடும். திறந்த ஏரியில் உயரமான பொருள் நீங்கள்தான். இடி காதில் விழுந்தால் கரை, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை மறுபடி இறங்கக் கூடாது. மின்னலுக்குத் தாமினி என்ற அரசுச் செயலி இருக்கிறது, போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததே, அதற்கடுத்த தை மாதம். நானே பழுதுபார்த்த எஞ்சின், மூன்று பேர் போனோம். இருபது நிமிஷத்தில் இருமி நின்றது. இழுத்தேன், ஓடியது, இரண்டு நிமிஷத்தில் மறுபடி நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், கார்புரேட்டரைத் தட்டினேன். காற்று எங்களைக் கருவேலங்கட்டைகள் பக்கம் தள்ளிக்கொண்டே போனது. இருந்தது ஒரே துடுப்பு, நங்கூரம் இல்லை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். தற்செயலாகக் கால் டேங்கில் பட்டபோதுதான் பார்த்தேன்: பிளாஸ்டிக் டேங்கின் இரண்டு பக்கமும் ஒட்டிய வயிறு மாதிரி உள்ளே ஒடுங்கியிருந்தது. மூடி மேலிருக்கும் காற்றுத் திருகை, வண்டியில் வரும்போது சிந்தாமல் இருக்க நானே மூடியிருந்தேன், திறக்க மறந்துவிட்டேன். திருகைத் தளர்த்தியதும் புஸ்ஸென்று காற்று உள்ளே போய் டேங்க் உப்பியது, எஞ்சின் முதல் இழுப்பில் பிடித்தது. அன்றிலிருந்து இரண்டு துடுப்பும் நங்கூரமும் இல்லாத படகில் நான் கால் வைப்பதில்லை. நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு இருக்கட்டும், குட்டைக் கயிற்றில் நங்கூரம் மண்ணைக் கவ்வாமல் இழுபடும்.

கூடவே தண்ணீர் இறைக்க ஒரு வாளி, விசில், டார்ச், கத்தி, குடிதண்ணீர், மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி கேனில் கட்டிய 50 அடி கயிறு. விழுந்தவருக்குக் கேனை வீசி இழுக்கலாம், நீங்கள் குதிக்க வேண்டியதில்லை. போனை ஜிப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவைத்து, அந்த நேரம் தாண்டினால் 112க்கோ 101க்கோ அழைக்கச் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077.

அனுமதி விஷயம்: மாமாவின் மீன் குத்தகை உங்கள் சவாரிக்கு அனுமதி ஆகாது. ஏரி நீர்வளத் துறையுடையது, அவர்களிடம் எழுதிக் கேளுங்கள். 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தில் எஞ்சின் பூட்டிய படகுக்குப் பதிவும் தகுதிச் சான்றும் பற்றிய விதிகள் இருக்கின்றன. பழைய படகு வாங்கும்போது காகிதம் எதுவும் தரவில்லை என்றால் அதையும் இப்போதே விசாரியுங்கள்.

கவிழ்ந்துவிட்டால் படகை விடாதீர்கள். கவிழ்ந்தாலும் ஃபைபர் படகு பெரும்பாலும் மிதக்கும், கரைக்கு நீந்தப் போனவரைவிடப் படகைப் பிடித்துக்கொண்டிருந்தவரைத்தான் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும். மூழ்கியவரைக் கரையேற்றியதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊர்ப்பழக்கம், அதனால் நேரம் வீணாவதோடு வாந்தி மூச்சுக்குழலில் ஏறும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று 108 வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். பொங்கலுக்குள் யாரிடமாவது ஒரு மணி நேரம் கற்றுக்கொள்ளுங்கள், மாமாவும் உடன் கற்றுக்கொள்ளட்டும்.

போகிப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே நீங்களும் மாமாவும் மட்டும் போய், கரையை ஒட்டி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அணைத்து, திரும்ப ஸ்டார்ட் செய்து, மறுபடி அணைத்து, துடுப்பால் மட்டும் கரை சேர்ந்து பாருங்கள். ஏறியபின் அடித்தட்டில் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று வாளிக் கணக்கில் அளந்துகொள்ளுங்கள். அரை வாளிக்குமேல் இருந்தால் பிள்ளைகளை ஏற்றும் முன் எனக்குச் சொல்லுங்கள். எல்லாச் சவாரியும் முடிந்து ஊர் திரும்பும் நாளில், ஹோஸை எஞ்சினிலிருந்து உருவிவிட்டுக் கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை தண்ணீரில் ஓடவிடுங்கள். டேங்கை வடித்து, அடிப் பிளக்கைத் திறந்துவைத்து, பீச்சும் அந்தச் சின்ன ஓட்டைக்கு ஒரு துண்டு டேப் ஒட்டிவையுங்கள். அடுத்த மழைக்கு எடுக்கும்போது அதைப் பிய்க்க மறக்காமலிருக்க, கண்ணில் படும் சிவப்பு டேப்பாக இருக்கட்டும்.